நெட்டச்சிக்கு உடம்பு சரியில்லை

குண்டூசி என்று அவளுக்குப் பெயர் வைத்தது அவளோடு கதிர் அறுத்த பெண்கள். அப்போது அவள் புதுப்பெண். ஆள் ஒல்லி, வாயைத் திறந்தால் குத்தும். இப்போது ஐம்பதை நெருங்கிவிட்டாள். பெயரில் இருந்த ஊசி எங்கேயோ விழுந்துவிட்டது, முன்பாதி மட்டும்தான் மிச்சம் என்று தெருவில் சொல்லிச் சிரிப்பார்கள். அதை முதலில் சொன்னவளும் அவள்தான். மற்றவர்கள் சொல்வதற்குள் நாமே சொல்லிவிட்டால் வலிக்காது என்று நினைத்தாள்.

வாய் மட்டும் இளைக்கவும் இல்லை, பெருக்கவும் இல்லை. தெருவில் யாருடைய நடையையும் ஒரு தடவை பார்த்தால் போதும், அச்சு அசலாகச் செய்து காட்டிவிடுவாள். எதிர்வீட்டு மாவுமில்காரியின் வாசலில் சாயங்காலம் நாலு பேர் கூடினால் இவளை விடமாட்டார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது பேங்க் அம்மாவின் நடையைத்தான். முன்பு வயலாக இருந்த இடத்தில் எழும்பிய புது வீடுகளில் ஒன்றில் அவர் இருந்தார். பேங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளை ஷூ போட்டு, முழங்கைகளை மடக்கி, காற்றைத் துடுப்புப் போடுவது போல் தள்ளிக்கொண்டு பெரிய ரோட்டில் தினமும் நடப்பார். குண்டூசி இடுப்பை ஒடித்து, கன்னத்தை உப்பி, அதே மாதிரி வாசலைச் சுற்றி வருவாள்.

"தண்ணி எடுக்க மோட்டாரு, துணி தொவைக்க மெஷினு, வீடு கூட்ட ஒரு ஆளு. எல்லாத்தையும் அடுத்தவங்ககிட்ட விட்டுட்டு, நடக்கறத மட்டும் தானே செய்யறாங்களாம்!"

மாவுமில்காரி சிரித்துச் சிரித்து மாவைக் கொட்டிவிடுவாள்.

அந்தத் தெருவில் அதுவரை யாரும் சும்மா நடந்ததில்லை. நடப்பதென்றால் எங்காவது போய்ச் சேருவதற்குத்தான். வயலுக்கு, கிணற்றுக்கு, விறகுக்கு. பெண்கள் விடியுமுன் கிளம்பி, குனிந்த இடுப்பு நிமிராமல் அறுத்து, கட்டுகளைத் தலையில் சுமந்து களத்தில் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து தண்ணீர் சுமப்பார்கள். ஒரு வருஷம் அறுப்பு இயந்திரம் வந்தது. வரப்பில் வரிசையாக நின்று பார்த்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் வயல் மொட்டையாகிவிட்டது. "நல்லா மழிச்சு விட்டுட்டான்" என்றாள் குண்டூசி. சிரித்தார்கள். அடுத்த வருஷம் அவர்களைக் கூப்பிட ஆளே வரவில்லை. பிறகு வயல்களே விலைக்குப் போயின. தையல் கம்பெனி வந்தது. அதன் பஸ் தெருமுனைக்கே வந்து ஏற்றிக்கொண்டது. குழாய் வீட்டுக்குள் வந்தது, அடுப்பு இடுப்பு உயரத்துக்கு ஏறியது.

பழைய வேலை போனதற்காக யாரும் கண்ணீர் விடவில்லை. அதைச் செய்தவர்களுக்குத்தான் அது எப்படிப்பட்ட வேலை என்று தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிப்பது அவர்கள் கனவிலும் நினைக்காத மரியாதை. குண்டூசிக்குத் தைத்த சட்டைகளில் பிசிறு வெட்டும் வேலை. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுவாள். விரல் மட்டும் அசையும். அவளுடைய வீட்டுக்காரர் ஒரு கிடங்கில் வாட்ச்மேன். அவருக்கும் வாசலில் ஒரு நாற்காலி. "நம்ம வம்சத்துலயே நமக்குத்தான்யா முதமுதல்ல ஆசனம் கெடைச்சிருக்கு" என்று அவரிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வாள்.

தலைசுற்றல் வந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் சின்னப் பெண். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை ஏறியிருக்கிறது, எடை குறைய வேண்டும் என்றாள்.

"மாத்திரை தரேன். ஆனா தினமும் நடக்கணும்மா."

"எங்கம்மா நடக்கறது?"

"எங்கயாவது. சும்மா நடங்க."

"சும்மாவா?"

"ஆமா. கைய நல்லா வீசி, வேகமா." டாக்டர் உட்கார்ந்தபடியே கையை வீசிக் காட்டினாள். முழங்கை மடிந்து காற்றைத் தள்ளியது. குண்டூசிக்குக் காது மடல் சூடேறியது. மாவுமில் வாசலில் எத்தனை தடவை செய்து காட்டிய கை அது!

மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு சில வாரம் ஓட்டினாள். ஒரு நாள் கம்பெனியில் நாற்காலியிலிருந்து எழும்போது கண் இருட்டி, பக்கத்தில் இருந்தவள் மேல் சரிந்தாள். அன்று பயம் பிடித்துக்கொண்டது. மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் போனவள், வெறுங்கையோடு வெளியே வரக் கூச்சப்பட்டு, மூடி போட்ட ஒரு தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள். உள்ளே ஒன்றும் இல்லை. கையில் பாத்திரம் இருந்தால் ஏதோ காரியமாகப் போகிறவள் போலத்தானே இருக்கும்.

தெருவைத் தாண்டுவதற்குள் மாவுமில்காரி பிடித்துவிட்டாள். "என்னடி, தூக்கும் கையுமா எங்க?"

யோசிக்க நேரமில்லை. "நம்ம நெட்டச்சிக்கு உடம்பு சரியில்லடி. கொஞ்சம் கஞ்சி குடுத்துட்டு வரேன்."

நெட்டச்சி அவளோடு கதிர் அறுத்தவள். கூட்டத்திலேயே உயரமானவள், வரிசையில் எப்போதும் முன்னால் போகிறவள். வயல் போனதும் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் குடிபோய்விட்டாள். குண்டூசி அவளைப் பார்த்து வருஷக்கணக்காகிறது. அந்த நேரத்தில் ஏன் அவள் பெயர் வாயில் வந்தது என்று குண்டூசிக்கே தெரியவில்லை.

"அய்யோ, அவளுக்கா? அவ கல்லு மாதிரி இருப்பாளே! என்ன செய்யுது?"

"ஒரு பக்கம் கை கால் வரல. நடக்க முடியல."

நாக்கைக் கடித்துக்கொள்வதற்குள் வார்த்தை வெளியே போய்விட்டது.

அன்று ரயில் கேட் வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பினாள். உடம்பெல்லாம் வேர்த்து, லேசாக இருந்தது. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள். மறுநாளும் போனாள்.

மூன்று நாலு நாளில் தெருவே அவளை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தது. வேலை முடிந்து வந்த களைப்போடு, நோயில் விழுந்த பழைய கூட்டாளிக்குத் தினம் கஞ்சி சுமக்கிறாளே என்று வியந்தார்கள். "வாய்தான் அப்படி, மனசு தங்கம்" என்று மாவுமில்காரி ஊரெல்லாம் சொன்னாள். ஒரு நாள் தூக்கைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய், நிறையக் கஞ்சி ஊற்றி, நாலு அவித்த முட்டையும் வைத்துக் கொடுத்தாள். "நானும் ஒரு வேளை குடுத்த மாதிரி இருக்கட்டும்."

கனக்கும் தூக்கோடு குண்டூசி ரயில் கேட் பக்கம் போனாள். கொட்ட மனம் வரவில்லை. பசித்துக் கிடந்து வளர்ந்த உடம்பு, சோற்றைக் கொட்ட அதற்குத் தெரியாது. ஒரு சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கஞ்சியைக் குடித்து முட்டைகளையும் தின்றாள். திருடித் தின்பவள் போல வேகவேகமாக விழுங்கினாள். கடைசி முட்டை தொண்டையில் அடைத்துக் கண்ணில் நீர் வந்தது.

அதன்பிறகு அது நிற்கவில்லை. ஒருத்தி ஆரஞ்சு கொடுத்தாள், இன்னொருத்தி வெல்லம் போட்டுப் பாயசம் மாதிரி ஏதோ காய்ச்சிக் கொடுத்தாள், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி தினமும் ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொண்டுவந்தாள். எல்லாவற்றையும் குண்டூசி பாலத்துச் சுவரில் உட்கார்ந்து தின்றாள். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள்.

"நடக்கறீங்களாம்மா?"

"தவறாம நடக்கறேன்."

"அப்புறம் ஏன் முன்னைவிட இன்னும் ஏறியிருக்கு?"

குண்டூசி தரையைப் பார்த்தாள்.

கம்பெனி பஸ்ஸை ஓட்டியவனை எல்லோரும் டிரைவர் தம்பி என்பார்கள். நாற்பது வயசிருக்கும். அதிகம் பேசமாட்டான். மழை பெய்தால் பெண்கள் வாசலிலேயே இறங்கும்படி பஸ்ஸைத் தெருவுக்குள் திருப்பிக் கொண்டுவருவான். போன வருஷம் அவனுடைய அம்மா இறந்துபோனாள். ஒரு வார இறுதிச் சாயங்காலம் பெண்கள் பஸ்ஸில் ஏறியபோது, கடைசி சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சக்கர நாற்காலி மடக்கிக் கட்டி வைக்கப்பட்டிருந்தது. பளபளவென்று இருந்தது.

தெருமுனையில் பஸ்ஸை நிறுத்தி, அதை அவனே இறக்கினான். விரித்து, சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தான்.

"அக்கா, இது எங்க அம்மாவோடது. வீட்டுல சும்மா கெடக்கு. உங்க கூட்டாளிக்கு நடக்க முடியலைன்னு சொன்னாங்க. குடுத்துடுங்க."

"அய்யோ தம்பி, அதெல்லாம் எதுக்கு..."

"வேணும்னா நானே வண்டில ஏத்தி அவங்க வீட்டுல எறக்கிடறேன்."

"வேணாம் வேணாம்!" என்று அலறியே விட்டாள். "அவ வீடு சந்துக்குள்ள இருக்கு, பஸ்ஸு திரும்பாது. நாளைக்கு லீவுதானே, நானே தள்ளிட்டுப் போயிடறேன்."

மாவுமில்காரி ஈரத்துணி கொண்டுவந்து நாற்காலியைத் துடைத்தாள். "இந்தப் பையன பெத்தவ புண்ணியவதி" என்றாள். டிரைவர் தம்பி தலையைக் குனிந்துகொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டான். வீட்டுக்காரர் கேட்டதற்கு, பழைய கூட்டாளி ஒருத்திக்குச் சேர்க்க வேண்டியது என்று மட்டும் சொல்லி வைத்தாள். ராத்திரி முழுக்க அந்த நாற்காலி கூடத்தில் ஒரு விருந்தாளி போல உட்கார்ந்திருந்தது.

மறுநாள் சாயங்காலம் தெருவே வாசலில் நின்று வழியனுப்பியது. காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு குண்டூசி நடந்தாள். முதுகில் அத்தனை கண்களும் ஒட்டிக்கொண்டு வருவது போல் இருந்தது. நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் நாற்காலியைக் கொடுத்துவிடுவது அவளுடைய திட்டம். யாரோ ஒரு நோயாளிக்குப் பயன்படட்டும், பொய்யும் அங்கேயே முடிந்துபோகட்டும். ஆனால் லீவு நாள் என்பதால் ஆஸ்பத்திரி மூடியிருந்தது. கேட்டில் இருந்த காவலாளி, டாக்டர் வந்து சொல்லாமல் ஒரு குண்டூசியைக்கூட உள்ளே வாங்க மாட்டேன் என்றான். வேறொரு நாளாக இருந்தால் அதற்கே ஒரு பதில் சொல்லியிருப்பாள்.

வீட்டுக்குத் திரும்பவும் முடியாது. எங்கே போவது என்று தெரியாமல் பெரிய ரோட்டில் தள்ளிக்கொண்டே போனாள். ரயில் கேட்டைத் தாண்டுமுன் முழங்கால் கெஞ்ச ஆரம்பித்தது. ஒரு மரத்தடியில் நின்றாள். முன்னும் பின்னும் பார்த்தாள். யாரும் இல்லை. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். அடியில் மெத்தென்று இருந்தது. காலைத் தூக்கிப் பலகையில் வைத்ததும் வலி வடிந்தது. அப்படியே கண்ணை மூடினாள்.

"என்னம்மா, தனியா விட்டுட்டா போயிட்டாங்க?"

கண்ணைத் திறந்தால் எதிரே வெள்ளை ஷூ. பேங்க் அம்மா இடுப்பில் கையை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

எழுந்து நின்றிருக்கலாம். ஆனால் எழுந்தால், நடக்க முடிகிறவளுக்கு எதற்கு இந்த வண்டி என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் அதற்குப் பின்னால் இருக்கிற எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

"இப்ப வந்துடுவாங்க" என்றாள்.

பேங்க் அம்மா போகவில்லை. பக்கத்திலேயே நின்று ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. "நல்ல பிள்ளைங்கம்மா! இருட்டப் போகுது, இப்படியா ரோட்டுல விட்டுட்டுப் போவாங்க? நீங்க மாவுமில் தெருதானே? வாங்க, நான் விட்டுடறேன்."

"வேணாம்மா, உங்களுக்கு எதுக்கு..."

"நான் எப்படியும் நடக்கணும். உங்களத் தள்ளிட்டு நடந்தா டாக்டர் இன்னும் சந்தோஷப்படுவாரு."

நாற்காலி நகர்ந்துவிட்டது. ஓடுகிற வண்டியிலிருந்து குதிக்கிற வயசா அவளுக்கு! கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னாலிருந்து குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"எனக்கும் சர்க்கரைதான். எங்க அப்பா மூட்டை தூக்கினவரு. சாகற வரைக்கும் ஒரு மாத்திரை போட்டதில்ல. நான் படிச்சு, உக்காந்து வேலை பார்த்து, இந்த வியாதிய வாங்கிக்கிட்டேன். ஆரம்பத்துல நடக்கவே வெக்கமா இருக்கும். எல்லாரும் நம்மளத்தான் பாக்கறாங்கன்னு தோணும்."

குண்டூசி சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச தூரம் போனதும் குரல் மறுபடியும் வந்தது. "நீங்க என்னை மாதிரி நடந்து காட்டுவீங்கள்ல? ஒரு தடவை மாவு அரைக்க வந்தப்ப பாத்தேன். எனக்கு முதுகக் காட்டிட்டு நின்னீங்க, அதனால என்னைப் பாக்கல. அப்ப நல்லா இருந்தீங்களே. எப்பம்மா கால் இப்படி ஆச்சு?"

அதில் குத்தல் எதுவும் இல்லை. நிஜமான வருத்தம்தான் இருந்தது. குண்டூசிக்கு அந்த ரோடு பிளந்து தன்னை வண்டியோடு விழுங்கிவிட்டால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. திரும்பி அவர் முகத்தைப் பார்க்க முடியாதது ஒன்றுதான் ஆறுதல்.

"அன்னைக்கு நீங்க மாவு வாங்கினீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்ல. திரும்பிப் போயிட்டேன். அப்புறம் வேற மில்லுக்குத்தான் போறது."

தெரு வந்தது. குண்டூசி நிமிர்ந்து பார்த்தாள். வாசல்களில் ஆட்கள் இருந்தார்கள். தெருமுனையில் கம்பெனி பஸ் நின்றிருந்தது. டிரைவர் தம்பி பேன்ட்டை மடித்து விட்டுக்கொண்டு சக்கரங்களைக் கழுவிக்கொண்டிருந்தான். நாற்காலி அவனைத் தாண்டி உருண்டபோது அவன் கையிலிருந்த குழாய் தண்ணீரைத் தரையில் கொட்டிக்கொண்டே இருந்தது.

மாவுமில்காரி ஓடிவந்தாள். "என்னடி ஆச்சு? விழுந்துட்டியா? வண்டில நீ வர்ற, அவ எங்க?"

"பாவம், இவங்கள யாரோ ரோட்டோரமா விட்டுட்டுப் போயிட்டாங்க" என்றார் பேங்க் அம்மா. "நடக்க முடியாதவங்கள இப்படியா தனியா விடறது? நீங்களாவது கேக்கக் கூடாதா?"

தெரு முழுக்கக் குண்டூசியைப் பார்த்தது. அவள் காலைப் பலகையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். எழுந்து நின்றாள். பேங்க் அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார். எங்கோ ஒரு வாசலில் களுக்கென்று ஒரு சிரிப்பு கேட்டு, உடனே அடங்கியது.

"என்னடி இது?" என்றாள் மாவுமில்காரி.

"எனக்கு ஒண்ணுமில்ல."

"நெட்டச்சி?"

"அவளுக்கும் ஒண்ணுமில்ல. அவள நான் பாக்கவே இல்ல."

"அப்ப இத்தனை நாளா குடுத்து விட்ட கஞ்சி, முட்டை?"

"நான்தான் தின்னேன்."

"எதுக்குடி?"

"டாக்டர் நடக்கச் சொன்னாங்க. சும்மா நடக்க வெக்கமா இருந்துச்சு."

சொல்லி முடித்தபோது, அவ்வளவு பெரிய பொய்க்கு இது எவ்வளவு சின்னக் காரணம் என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. மாவுமில்காரி கத்தியிருந்தால் தேவலை. அவள் திரும்பி மில்லுக்குள் போய்விட்டாள். பேங்க் அம்மா, "நான் வரேன்" என்று பொதுவாக யாரிடமோ சொல்லிவிட்டு, கையை வீசாமல் சாதாரணமாக நடந்து போனார். டிரைவர் தம்பி தண்ணீரை நிறுத்திவிட்டு வந்தான். நாற்காலியை மடக்கினான். தூக்கிக்கொண்டு போய் பஸ்ஸில் வைத்தான். அவளை ஒரு தடவைகூட ஏறிட்டுப் பார்க்கவில்லை.

வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்தபோது யாரோ வழியிலேயே சொல்லியிருந்தார்கள். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல" என்றார். "நானும் கூட வந்திருப்பேன். எனக்கும் படி ஏறினா மூச்சு வாங்குது." அவர் திட்டாதது அவளை இன்னும் கூனிக் குறுக வைத்தது.

அடுத்த வாரம் முழுக்கப் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கம்பெனியில் யாரோ இன்னொருத்திக்கு நடந்து காட்டியதையும், அது தன்னுடைய நடை என்பதையும் குண்டூசி பார்த்தாள். ஒரு கை தூக்கைப் பிடித்திருக்க, இடுப்பு இரண்டு பக்கமும் ஆட, நன்றாகத்தான் செய்தாள். அதற்குமேல் நிமிர்ந்து பார்க்காமல் குண்டூசி பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள்.

லீவு நாளில் நெட்டச்சியைத் தேடிப் போனாள். கேட்டைத் தாண்டி, விசாரித்து விசாரித்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. நெட்டச்சி வாசல்படியில் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு முழங்கால்களிலும் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நகரசபையில் ரோடு கூட்டும் வேலை. விடியற்காலையில் தொடங்கி மதியம் வரை துடைப்பத்தோடு நடை, அதற்குமேல் குப்பை வண்டி தள்ளல். பழைய உயரம் அப்படியே இருந்தது. ஆனால் உடம்பு வற்றி, தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"அடி குண்டூசி! யாருன்னு பாத்தேன்" என்று சிரித்தாள். குண்டூசி உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக் கேட்க நெட்டச்சியின் சிரிப்பு போய்விட்டது.

"எதுக்கு என்னைப் படுக்க வச்ச? உன் புருஷன் வழியில ஒருத்தரப் படுக்க வச்சிருக்கலாமே."

"வாயில வந்துடுச்சு."

"வந்துடுமா? அறுக்கற காலத்துல என் பின்னாலயே திணறிக்கிட்டு வருவ. ஒரு நாளும் என்னத் தாண்டினதில்ல. அதான், கால ஒடச்சுப் பாத்துட்ட."

அது பொய் என்று சொல்ல குண்டூசி வாயைத் திறந்தாள். உண்மையாக இருக்குமோ என்று பயமாக இருந்தது.

நெட்டச்சி எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தாள். "உனக்கு நடக்க எடம் வேணும். எனக்கு உக்கார எடம் வேணும். டாக்டரு எங்கிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா? நடக்கறதக் கொறைங்கன்னாங்க. கொறைச்சா எவன் சோறு போடுவான்?" பெருமூச்சு விட்டாள். "சரி, அந்த வண்டி குடுத்த பையன்கிட்ட பேசினியா?"

"இல்ல. அவன் மூஞ்சிய எப்படிப் பாக்கறது?"

"அவன் மூஞ்சியப் பாக்க முடியாம என் மூஞ்சியப் பாக்க வந்தியா?" நெட்டச்சி எழுந்து உள்ளே போனாள். ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடிக்கும் வரை நின்றாள். சொம்பை வாங்கிக்கொண்டு, "அடுத்த தடவை வர்றப்ப தூக்குல ஏதாவது போட்டு எடுத்துட்டு வா" என்றாள். அது கோபமா கேலியா என்று தெரியாமல் குண்டூசி திரும்பி நடந்தாள்.

மறுநாள் காலை, மற்றவர்கள் வருவதற்கு முன்பே தெருமுனைக்குப் போனாள். டிரைவர் தம்பி முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கடைசி சீட்டுப் பக்கம் நாற்காலி இன்னும் மடங்கிக் கிடந்தது.

"தம்பி, என்னைச் செருப்பால அடிச்சாலும் தகும்."

அவன் துணியை உதறினான். "அப்படியெல்லாம் சொல்லாதீங்கக்கா."

"உங்க அம்மா உக்காந்த எடத்துல..."

"அம்மா அதுல உக்காந்ததே இல்ல" என்றான். கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "உங்கள மாதிரி எங்க ஊர்ல வயல் வேலை செஞ்சவங்கதான். இங்க வந்தப்பறம் மூலையில உக்கார வச்சோம். ‘நீ ஒண்ணும் செய்யாத, உக்காரு’ன்னு நான்தான் சொல்வேன். உக்காந்து உக்காந்து கால் விழுந்துடுச்சு. அப்புறம் இந்த வண்டிய வாங்கினேன். தெருமுனை வரைக்கும் ஒரு தடவை கூட்டிட்டுப் போடான்னு கேட்டாங்க. இவ்ளோ பெரிய ஆம்பள, பஸ் ஓட்டறவன், அம்மாவ வண்டில வச்சுத் தள்ளிட்டுப் போனா நாலு பேரு பாப்பாங்கன்னு..." நிறுத்தினான். "நாளைக்கு நாளைக்குன்னேன். போயிட்டாங்க."

குண்டூசிக்கு வழக்கம்போல எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

"அன்னைக்கு அந்த அம்மா உங்களத் தள்ளிட்டு வந்தாங்கல்ல" என்றான் அவன். "எனக்கு உங்க மேல கோவம் வரல. வேற யாரோ ஒருத்தங்க இவ்ளோ சாதாரணமா தள்ளிட்டு வர்றாங்களேன்னுதான்... நாளைக்கு இத ஆஸ்பத்திரில குடுத்துடறேன்."

பெண்கள் வரத் தொடங்கினார்கள். மாவுமில்காரி மில்லைத் திறந்துகொண்டே இந்தப் பக்கம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குண்டூசி ஏறித் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் திரும்பும்போது, ஊர் எல்லையில் உரக் கிடங்கு தெரிந்ததும் அவள் எழுந்தாள். கம்பிகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் போனாள்.

"தம்பி, இங்க கொஞ்சம் நிறுத்தறீங்களா? எறங்கி நடந்து வரேன்."

பஸ்ஸுக்குள் பேச்சு நின்றது. அவன் ஏன் என்று கேட்கவில்லை. ஓரமாக நிறுத்தினான். அவள் படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினாள். பஸ் மெதுவாக அவளைத் தாண்டியது. ஜன்னல்களில் தெரிந்த முகங்கள் எல்லாம் அவளையே பார்த்தன. ஒருத்தி சிரித்தாள். குண்டூசியின் முகமும் கழுத்தும் எரிந்தன. தூசி அடங்கும் வரை நின்றாள். பிறகு முழங்கைகளை மடக்கி, முதலில் கொஞ்சமாகவும் அப்புறம் நன்றாகவும் வீசி, ஊரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.